அம்மா தூக்கிப்போட்ட அட்டைகள்

எங்கள் மண்டபத்துக்குள் நுழைகிற ஆண்பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருடைய அம்மா குற்றவாளி. என்ன குற்றம் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே குற்றம்தான்: பையன் வீட்டை விட்டுப் போன பிறகு, ஆட்டக்காரர் படம் போட்ட அவனுடைய பேஸ்பால் அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டாள். "அது மட்டும் இன்னைக்கு இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுப்பது என் வேலை.

லொரேன் ஊரின் முன்னாள் படைவீரர் சங்க மண்டபம் அது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அங்கே அட்டைச் சந்தை நடக்கும். நாற்பது மேசை போடுவார்கள். ஒரு காலத்தில் பபிள்கம் பொட்டலத்தோடு சில்லறைக் காசுக்கு வந்த அட்டைகளைத் தடித்த பிளாஸ்டிக்குக்குள் அடைத்து, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுவார்கள். வாசலை ஒட்டிய மேசை என்னுடையது. காப்பி, டோனட், மதியத்துக்கு முட்டைக்கோசு வைத்த சாசேஜ் சாண்ட்விச். பதினோரு வருஷமாக நிற்கிறேன். காப்பிக்காரிக்கு அட்டையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பார்கள். அங்கே இருக்கிற பாதிப் பேரைவிட எனக்கு அதிகம் தெரியும்.

அந்தக் கூட்டத்துக்கு ராஜா என் அண்ணன் ரூடி ஹ்ருஷ்கா. அவனிடம் விற்க ஒரு அட்டை கிடையாது, வாங்கவும் மாட்டான். அவனிடம் இருப்பது கதை. புது ஆள் யாராவது வந்தால் போதும், தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போவான்.

"ஹாப் மெரிடித் தெரியுமா? கிளீவ்லாந்துக்கு ஆடுன முதல் வருஷம், ஐம்பத்தி நாலு. அந்த அட்டை இன்னைக்கு மூலை மழுங்காம இருந்தா முப்பதாயிரம் டாலர். என்கிட்ட ரெண்டு இருந்துச்சு. ஒன்னு இல்ல தம்பி, ரெண்டு! நான் ராணுவத்துக்குப் போன வருஷம், ஈஸ்டருக்கு வீட்டைச் சுத்தம் பண்றேன்னு எங்கம்மா பெட்டியோட குப்பையில போட்டுட்டாங்க. ஏரிக்கரையில ஒரு வீடும் ஒரு படகும் குப்பை லாரியில ஏறிப் போச்சு!"

சிரிப்பார்கள். முதுகில் தட்டுவார்கள். யாராவது ஒருவன் அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பான். பதினோரு வருஷத்தில் ரூடி தன் காசில் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கதையை அவன் முதன்முதலில் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எண்பத்தி மூன்றாம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. பழைய அட்டைகளுக்கு என்ன விலை போகிறது என்று பேப்பரில் வந்திருந்தது. அதை மேசையில் ஓங்கி அடித்து, "என் பெட்டி எங்கம்மா?" என்றான். அம்மா கையில் உருளைக்கிழங்குக் கிண்ணம். அறுபத்தி ஐந்து ஈஸ்டருக்கு அவன் அறையிலிருந்து மூன்று பெட்டிகளைக் குப்பையில் போட்டது உண்மை. உள்ளே என்ன இருந்தது என்று அவள் திறந்து பார்க்கவில்லை. "போட்டிருப்பேன்டா," என்றாள். "போட்டிருப்பேன்." அன்றைக்குக் குனிந்த தலை அதற்கப்புறம் அவன் எதிரில் நிமிரவே இல்லை.

பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் பரிமாறி வாங்கின சம்பளத்தில் அவன் பிறந்தநாள் ஒவ்வொன்றுக்கும் அந்த வருஷத்து அட்டைகள் முழு செட்டாக, பிரிக்காத பெட்டியாக வாங்கிக் கொடுத்தாள். "இதையாவது பத்திரமா வச்சிக்கோ. பின்னாடி விலை போகும். மன்னிச்சிக்கோடா" என்பாள். பாவம், அந்த வருஷங்களில் நாடே பிரிக்காத பெட்டிகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. எல்லாரும் பத்திரமாக வைத்த பொருளுக்கு யார் விலை கொடுப்பார்கள்? இருபத்தாறு பெட்டிகள் ரூடியின் வீட்டு நிலவறையில் கிடக்கின்றன. அதில் இரண்டை வாஷிங் மெஷின் ஆடாமல் இருக்கக் காலுக்கு அண்டக் கொடுத்திருக்கிறான். என் கண்ணால் பார்த்தேன்.

நான் மட்டும் யோக்கியமா? என் கணவருக்கு வேலை போன வருஷம், கையில் காசில்லாத எரிச்சலில், "அந்த அட்டையைத் தூக்கிப் போடாம இருந்திருந்தா நம்ம குடும்பமே நல்லா இருந்திருக்குமேம்மா" என்று நானும் ஒருநாள் கேட்டேன். அவள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்கள். அதை நினைத்தால் இப்போதும் என் வாயை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு. முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். புத்தி தெளிவாக இருக்கிறது, இதயம்தான் ஓய்ந்துகொண்டு வருகிறது. கிறிஸ்துமஸைத் தாண்டினால் அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த அக்டோபர் சந்தைக்கு வெண்டல் புரூயிட் கொஞ்சம் தாமதமாக வந்தார். சாண்டஸ்கியிலிருந்து வருகிற வியாபாரி. செத்தவர்கள் வீட்டுப் பொருள்களை மொத்தமாக வாங்கி, அதிலிருந்து அட்டைகளைப் பொறுக்கி விற்பவர். நான் காப்பி கொண்டுபோனபோது ஒரு சுருட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அட்டைமேல் ஸ்கேலை வைத்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு வெண்டல்? காலையிலேயே அர்ச்சனை நடக்குது?"

"பாருங்க லெனோர், இந்தக் கொடுமையை. ஐம்பத்தி நாலு, ஐம்பத்தி அஞ்சு, ஐம்பத்தி ஆறு. நூத்துக்கும் மேல இருக்கு. ஹாப் மெரிடித் மட்டும் ரெண்டு. பெட்டியைத் திறந்ததும் எனக்கு நெஞ்சே அடைச்சிருச்சு. அப்புறம் அளந்து பார்த்தேன். அத்தனையும் வெட்டியிருக்கான்!"

"வெட்டியிருக்கானா?"

"நீளத்துல கால் அங்குலம், அகலத்துல அரைக்கால் அங்குலம். ஐம்பத்தி ஏழுல கம்பெனிக்காரன் அட்டையைச் சின்னதாக்கிட்டான்ல? எவனோ ஒரு புண்ணியவான், பழசு எல்லாத்தையும் புது அளவுக்கு நறுக்கியிருக்கான். ஒரே பெட்டியில ஒழுங்கா அடுக்கணும்னு ஆசை. வெட்டுன அட்டையை எவன் வாங்குவான்? நாய்கூட மோந்து பார்க்காது."

அவர் நீட்டின ஹாப் மெரிடித்தை வாங்கிப் பார்த்தேன். வெட்டு ரொம்ப நேர்த்தியாக இருந்தது. கத்தரிக்கோலில் வராத நேர்த்தி. பின்பக்கம் திருப்பினேன். ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு: ரூடி ஹ்ருஷ்கா.

எனக்குச் சூடு ஏறியது. காலிலிருந்து காதுவரைக்கும் ஏறியது.

அந்த ஸ்டாம்பை ரூடிக்குப் பிறந்தநாளுக்குக் கொடுத்தார்கள். என் நெற்றியில்கூடக் குத்தி, அம்மாவிடம் அடி வாங்கினான். அவனுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு. வியாழக்கிழமைகளில் அம்மா தேவாலயத்து அலுவலகத்தில் ஞாயிறு வழிபாட்டுத் தாள்களை மடித்துக் கொடுக்கப் போவாள், நாங்களும் போவோம். அங்கே நீளக் கைப்பிடி வைத்த காகிதம் வெட்டும் மெஷின் ஒன்று இருந்தது. ரூடி பழைய அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துக் கைப்பிடியை இறக்குவான். விழுந்த வண்ணக் கீற்றுகளை நான் பொறுக்கி என் பொம்மைக்கு பெல்ட் கட்டினேன். ஐம்பது வருஷமாக மறந்திருந்தது, அந்த ஊதா எழுத்தைப் பார்த்ததும் மெஷினின் சத்தம் முதற்கொண்டு வந்துவிட்டது.

"யார் வீட்டுல எடுத்தீங்க இதை?"

"எலிரியா பக்கம். டுவேன் ஃபெட்சர்னு ஒருத்தர், போன மாசம் இறந்துட்டாரு. ஏன், தெரிஞ்சவரா?"

ரூடியோடு படித்தவன். பள்ளிக்கூட நாட்களில் இருவரும் ஒரே பழைய காரின் அடியில் கிடப்பார்கள்.

"மூடியில ஒரு சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க," என்றார் வெண்டல். "அது மட்டும் வேடிக்கையா இருக்கு."

பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டுத்தாள். எழுத்து ரூடியின் எழுத்து, இன்றைக்கும் அப்படித்தான் இடது பக்கம் சாய்த்து எழுதுவான்.

'ரூடி ஹ்ருஷ்கா ஆகிய நான் என் அட்டைகள் எல்லாவற்றையும் டுவேனிடம் கொடுத்து, அவனுடைய கார்பரேட்டரை வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கேட்க மாட்டேன். செத்தாலும் கேட்க மாட்டேன். கையெழுத்துப் போடும்போது என் இரண்டு கையும் மேசைமேல் இருந்தன. ஜூன் 8, 1963.'

கடைசி வரியைப் படித்ததும் டுவேனை நினைத்துச் சிரிப்பே வந்துவிட்டது. அட்டை மாற்றுகிற பையன்களுக்கு ஒரு சட்டம் உண்டு. 'திருப்பிக் கேக்க மாட்டேன்' என்று வாயால் சொல்லிவிட்டால் பேரம் முடிந்தது, அப்பனே வந்தாலும் மாற்ற முடியாது. ஆனால் சொல்லும்போது முதுகுக்குப் பின்னால் விரலை விரல்மேல் பின்னி வைத்திருந்தால் சொன்னது செல்லாது. தெரு முழுக்க அந்தத் தில்லுமுல்லுக்குப் பேர்போனவன் ரூடி. அதனால்தான் டுவேன் எழுதியே வாங்கியிருக்கிறான், கை மேசைமேல் இருந்ததற்கும் சேர்த்து.

பெட்டியை எனக்கே கொடுக்கும்படி கேட்டேன். வெண்டல் இரண்டு சாண்ட்விச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு ரூடி வந்தான். புதிதாக வந்த ஒரு தகப்பனையும் மகளையும் பிடித்து நிறுத்திக்கொண்டு, "என்கிட்ட ரெண்டு இருந்துச்சு. ஒன்னு இல்ல..." என்று ஆரம்பித்தான். நான் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய் அவன் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"வெளிய வா."

"இரு லெனோர், இவங்ககிட்ட..."

"வாடான்னா வா."

கார் நிறுத்துகிற இடத்தில், என் வண்டியின் மேல் பெட்டியை வைத்துத் திறந்தேன். ரூடி அட்டைகளைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். அவன் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்த ஆள் சிரித்தான்!

"அடடா, டுவேன்! சாகிற வரைக்கும் வச்சிருந்தானா? அந்தக் கார்பரேட்டர் ரெண்டே மாசத்துல போச்சு, தெரியுமா?"

"உனக்கு இது நினைவில்லாம இல்ல."

"சின்ன வயசு சமாச்சாரம், விடு."

"எண்பத்தி மூணுல மேசையில பேப்பரை அடிச்சப்போ நினைவு இருந்துச்சா, இல்லையா?"

பெட்டியின் மூடியைச் சாத்தினான். பிறகு, "இருந்துச்சு" என்றான். "எல்லாப் பயலும் அவனவன் அம்மாவைச் சொன்னான். நான் மட்டும் ஒரு ஓட்டைக் கார்பரேட்டருக்குக் குடுத்தேன்னு சொன்னா வேலையிடத்துல சிரிச்சே கொன்னிருப்பாங்க. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அம்மா இல்லைன்னு சொல்லியிருக்கலாமே? சொல்லலையே! தானே ஒத்துக்கிட்டாங்க. நான் என்ன பண்றது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், சோறு போட்டவள்மேலேயே குற்றம் சொல்கிறான். என் வாழ்நாளில் நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அன்றைக்கு இரண்டு கையாலும் பெட்டியை இறுக்கிப் பிடிக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

"வண்டியில ஏறு. அம்மாகிட்ட வந்து சொல்லு."

"எண்பத்தாறு வயசுல இதெல்லாம் எதுக்கு லெனோர்? இதயம் வேற சரியில்ல. நிம்மதியா இருக்கட்டும்."

"எந்த நிம்மதி? உன்னை நாசம் பண்ணிட்டோம்னு நினைச்சுக்கிட்டே சாகப் போறாங்க. அந்த நிம்மதியா? மூணு மணிக்குப் பரிசுச் சீட்டுக் குலுக்கல் இருக்கு. மைக் இருக்கும். நீ அம்மாகிட்ட சொல்லலைன்னா, இந்தச் சீட்டை நான் மைக்ல படிப்பேன். ஊதா ஸ்டாம்பையும் காட்டுவேன். வெட்டுனது யாருன்னும் சொல்லுவேன். உன் முப்பதாயிரம் டாலரை நீயே பதினோரு வயசுல நறுக்கிப்போட்டேன்னு அத்தனை பேருக்கும் தெரியட்டும்."

அதைக் கேட்டதும்தான் அவன் முகம் வெளுத்தது. அம்மாவுக்காக வெளுக்காத முகம் அந்த நாற்பது மேசைக்காக வெளுத்தது. வண்டியில் ஏறினான்.

அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். ரூடியைப் பார்த்ததும் மேசை இழுப்பறையைத் துழாவினாள். அடுத்த வாரம் அவனுக்குப் பிறந்தநாள். நீலக் காகிதம் சுற்றிய பெட்டி ஒன்றை எடுத்தாள். இல்லத்தில் உதவிக்கு வருகிற பெண்ணிடம் காசு கொடுத்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள்.

"இந்த வருஷத்து செட்டுடா. இனிமே வாங்க முடியுமோ என்னமோ. மன்னிச்சிக்கோடா ரூடி. உன் பொருளை நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது."

ரூடி என்னைப் பார்த்தான். பிறகு அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்றான். அவ்வளவுதான். வாங்கிக்கொண்டான்! சுருட்டுப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து அம்மாவின் மடியில் வைத்தேன்.

அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். "இது உங்கப்பாவோட சுருட்டுப் பெட்டி. இதை நான்தானே குப்பையில போட்டேன்?"

"திறங்கம்மா. மூடியில சீட்டு இருக்கு."

"என் கண்ணாடி எங்க போச்சோ. ரூடி, நீ படி."

அவன் என்னிடம் நீட்டினான். நான் கையை மடக்கிக்கொண்டேன். அம்மா காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் படித்தான். 'திருப்பிக் கேட்க மாட்டேன்' என்ற இடத்தில் குரல் இறங்கிப்போனது. தேதியைப் படித்து முடித்தான்.

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "அறுபத்தி மூணு. நீ ராணுவத்துக்குப் போனது அறுபத்தி அஞ்சு."

"அம்மா, அப்போ எனக்குப் பதினேழு வயசுதான்."

"நீ பேப்பரைக் கொண்டுவந்து அடிச்சியே, அப்போ?"

"முப்பத்தி ஏழு," என்றேன் நான்.

"நீ சும்மா இரு லெனோர். அவன் சொல்லட்டும்."

"முப்பத்தி ஏழும்மா," என்றான். நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது, பொய்த் தண்ணீர் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அவன் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. இவள் தலையைத் தடவுவாள், போகட்டும் விடு என்பாள், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்கிற நம்பிக்கை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா அவன் கையிலிருந்த நீலப் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"இதைக் குடு."

கொடுத்தான்.

"மத்ததையும் குடு."

"மத்த பெட்டியெல்லாம் வீட்டுல இருக்கும்மா, நாளைக்கே..."

"பெட்டியைக் கேக்கல. இருபத்தாறு வருஷமா உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேனே. பிறந்தநாளுக்குக் கேட்டேன், கிறிஸ்துமஸுக்குக் கேட்டேன், உங்கப்பா சவப்பெட்டிக்குப் பக்கத்துல நின்னுகூடக் கேட்டேன். அப்பவும் வாங்கி வச்சிக்கிட்டு நின்னியே. அத்தனையும் திருப்பிக் குடு. எடு, குடுடா!"

எங்கள் அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டு ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டது. நர்ஸ் ஓடிவந்து வாசலில் நின்றாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள், அவள் அப்படியே திரும்பிப் போனாள்.

"அங்க எத்தனை பேர்கிட்ட என்னைப் பத்திச் சொல்லியிருப்பே?"

"அம்மா..."

"லெனோர், இன்னைக்குச் சந்தை இருக்கா?"

"மூணு மணிக்குக் குலுக்கல். மைக் இருக்கும்மா."

"என் கோட்டை எடு. நல்ல கோட்டு, பழுப்பு. ஷூவையும் எடு."

டாக்டர் என்ன சொல்வார் என்று ரூடி முனகினான். "அவரு என் இதயத்தைப் பத்திச் சொல்லுவாரு," என்றாள் அம்மா. "உன் இதயத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன். ஹ்ருஷ்காவின் அம்மா இவள்தான் என்று பின்மேசைவரைக்கும் பேச்சு ஓடியது. யாரோ சிரித்தார்கள். "அட்டையைப் பூட்டி வைங்கப்பா, அந்தம்மா வந்துட்டாங்க!" என்று ஒருவன் கூவினான். அம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. மைக்குக்கு நேர் எதிரே, முதல் வரிசைக்கும் முன்னால் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னாள்.

ரூடி மேடையேறினான். ஒரு கையில் மைக்கைப் பிடித்தான். எழுபது எண்பது தொப்பிகள் அவன் பக்கம் திரும்பின. எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"எங்கம்மா என் அட்டையைத் தூக்கிப் போடல," என்றான். அது தரையைப் பார்த்துச் சொன்னது. பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. "நான்தான்..."

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கேக்கலடா ரூடி," என்றாள். மைக் இல்லாமலே அது பின்சுவர்வரைக்கும் போனது. "சத்தமாச் சொல்லு. அந்த இன்னொரு கையையும் முன்னால கொண்டுவா."